ஜன்னல்காரர் ஜன்னலை அடைத்த வருஷம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ஜன்னல்காரர். பஸ்ஸில் ஏறினால் உட்காருவதற்கு முன்னால் பக்கத்து ஜன்னலைத் தள்ளித் திறப்பார். பல் டாக்டரிடம் போனால், காத்திருக்கும் அறையில் பல்வலியோடு எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைத் தேடுவார். துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில் செத்தவர் தலைமாட்டு ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அது மிகையாக இருக்கலாம். ஆனால் நம்பாதவர் யாரும் இல்லை.

காரணம் பூண்டு. அவருக்குத் தெரிந்த பயிர் அது ஒன்றுதான். மண்ணிலிருந்து பிடுங்கினாலும் பூண்டு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பார். இலையும் தாளுமாக நிழலில் உலர்த்த வேண்டும். கட்டுக் கட்டாகக் கழியில் தொங்கவிட வேண்டும். மிச்சத்தை இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த மரப்பெட்டிகளில் பரப்ப வேண்டும். காற்று வந்துபோனால் அடுத்த நடவு வரை அப்படியே இருக்கும். காற்று நின்றால் தன் ஈரத்தில் தானே வெந்துபோகும்.

அவருடைய பூண்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. படுக்கையறைக்கும் அதற்கும் நடுவில் ஒரே சுவர். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று கம்பிவலை அடித்த ஜன்னல்கள். கதவு, கண்ணாடி எதுவும் கிடையாது. மூடவே போவதில்லை என்று தீர்மானித்துக் கட்டியவை.

அவர் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். "கல்யாணமாகி வந்த அன்னிக்கு, என் முகத்தைக்கூடப் பார்க்காம நேரா போய் ஜன்னலைத் திறந்தார். நிலாவைக் காட்டப்போறார்னு நானும் ஆசையா பக்கத்துல போய் நின்னேன். 'ரூம் ரொம்பப் புழுங்குது'ன்னார்" என்று யார் வந்தாலும் சொல்லிவிடுவாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாகக் கேட்பவர் மாதிரி சிரிப்பார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசி ஓய்ந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. அவர் பிடுங்குவார், அவள் கட்டுவாள். அவள் கட்டிய கட்டு ஒன்றுகூட அவிழ்ந்து விழுந்ததில்லை.

அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது. பூண்டைப் பிடுங்கி உள்ளே ஏற்றி முடித்த சமயத்தில்தான் அவள் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு சில வாரத்துக்கு ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். முடி கொட்டும், வாய் கசக்கும், சோர்வு இருக்கும் என்று எல்லாம் விளக்கமாகச் சொன்னார்கள். வாசனையைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். இவர்கள் காதில் விழவில்லை.

முதல் தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வந்த பிறகு அவள் வீட்டுக்குள் இருப்பதே குறைந்துபோனது. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொள்வாள். தூங்கும்போது முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் "ஒண்ணும் இல்லைங்க, வெளிச்சம் கூசுது" என்பாள்.

ஒரு நாள் ரொட்டியைப் பாலில் நனைத்து அவரே ஊட்டப் போனார். கை வாய்க்கருகில் போனதுதான் தாமதம், அவளுக்குக் குமட்டி எடுத்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகத்தோடு அவரைப் பார்த்தாள்.

"உங்க கைங்க."

"கைக்கு என்ன?"

"பூண்டு."

அவர் கையை மோந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பூண்டு வாசம் தெரியாத அளவுக்குப் பூண்டிலேயே ஊறிப்போன மூக்கு அது.

அன்றிலிருந்து அவர் பட்ட பாட்டைப் பார்த்துத் தெருவே சிரித்தது. வெளிக்குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவார். வேலைச்சட்டையை வேலியிலேயே கழற்றிப் போட்டுவிடுவார். எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பார், உப்பைத் தேய்ப்பார், காபித்தூளைத் தேய்ப்பார். எவர்சில்வர் கரண்டியைத் தண்ணீருக்கடியில் பிடித்து உள்ளங்கையில் உரசினால் போகும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்தார். அதற்கப்புறம் படுக்கையறை வாசலில் நின்று அனுமதி கேட்பார்.

"வரலாமா?"

"ரெண்டடி வாங்க." அவள் மூக்கைச் சுருக்கிப் பார்ப்பாள். "போதும், அங்கேயே நில்லுங்க."

"நின்னுக்கிட்டேவா பேசறது?"

"முப்பது வருஷம் பக்கத்துல உட்கார்ந்து என்ன பேசிட்டீங்க?"

கையை எப்படியோ சமாளித்தார். சுவரைத்தான் சமாளிக்க முடியவில்லை. காற்று பூண்டறையில் புகுந்து, அங்கிருந்து படுக்கையறைக்கு வந்தது. அவளுடைய தம்பி டவுனில் இருந்தான். அங்கே வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டான். "என் கட்டில்ல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டாள். பூண்டை வேறெங்காவது மாற்றலாம் என்றால் அவ்வளவையும் வைக்க யாரிடமும் இடம் இல்லை. சரியாக உலராத பூண்டை விற்கவும் முடியாது.

ஒரு மத்தியானம் அவர் உள்ளே வந்தபோது, அவள் துண்டால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கால்களை மடக்கிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு விடும்போது துண்டு உப்பி உப்பி அடங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பின்பக்கம் போய்க் காலிச் சாக்குகளை எடுத்துக்கொண்டு பூண்டறைக்குள் போனார்.

முதலில் படுக்கையறைப் பக்கத்து ஜன்னல்களை மட்டும்தான் அடைத்தார். வாசம் குறைந்தது, நிற்கவில்லை. அடுத்து கீழ்வரிசை. பிறகு மேல்வரிசை. கடைசியில் கதவிடுக்கிலும் பிளாஸ்டிக் தாளை மடித்துச் செருகினார். தெரியாமல் செய்தார் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு சாக்கைச் செருகும்போதும் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் காற்றாட விட்டுக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவள் துண்டை அவிழ்த்துவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு ஏனோ தேவலைங்க" என்றாள். ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவர் இன்னொரு துண்டை எடுத்துப் பாலில் நனைத்தார்.

அவர் போட்ட கணக்கு கொஞ்ச நாள் சரியாகத்தான் ஓடியது. பிறகு பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. அதே சமயம் அவளுக்குக் காய்ச்சல் வந்து, கொதிக்கிற உடம்போடு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவசரத்தில் ஆட்டோ வந்தது, போர்வையைச் சுற்றித் தூக்கி வைத்தார், போய்விட்டார். சாக்குகள் ஜன்னலிலேயே இருந்தன. வாரக்கணக்கில் அவர் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தார். வெளியே மழை பெய்தபடி இருந்தது. பூண்டின் நினைப்பு வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் கட்டிலைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

அங்கேதான் ஒரு நர்ஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அம்மாவுக்கு இப்ப எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைவு. பூசணம் பிடிச்ச எதையும் கிட்ட விடாதீங்க. ரொட்டியில ஒரு ஓரம் பச்சையா இருந்தா, அதை மட்டும் கிள்ளிட்டுக் கொடுக்கலாம்னு நினைக்காதீங்க. முழுசையும் தூக்கிப் போடுங்க. கண்ணுக்குத் தெரியறது கொஞ்சம்தான்."

வீடு திரும்பி, அவளைப் படுக்கவைத்து, அவள் தூங்கிய பிறகு பூண்டறையைத் திறந்தார். வெதுவெதுப்பாக, புளித்த மாதிரி ஒரு காற்று முகத்தில் அடித்தது. கட்டுகள் தொங்கவிட்டபடியே தொங்கின. மேல்சருகு வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. ஒரு பூண்டை எடுத்தார். கையில் கனம் இல்லை. உரித்தார். பல்லில் பழுப்பாகப் பள்ளம் விழுந்து, அதற்குள் பஞ்சு மாதிரி வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஏதோ பூத்திருந்தது. இன்னொன்றை உரித்தார். அதில் நீலப்பச்சைத் தூள், ஊதினால் பறந்தது. சட்டென்று மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். கதவுக்கு வெளியே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். வருஷத்து உழைப்பு போனது என்ற நினைப்பு அவருக்குப் பிறகுதான் வந்தது. இந்தத் தூளோடு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம்தான் முதலில் வந்தது. அன்று அவர் குளித்த குளியலில் தொட்டி காலியாகிவிட்டது.

அவளிடம் சொல்லவில்லை.

"பூண்டு எப்படிங்க இருக்கு?" என்று படுத்தபடியே கேட்பாள்.

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

தள்ளியிருந்த பக்கத்துச் சாக்குகளை மட்டும் பிடுங்கினார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கெட்டதைத் தனியாகவும் நன்றாகத் தெரிந்ததைத் தனியாகவும் பிரித்துப் போட்டார். அந்தச் சமயத்தில் மச்சினன் அக்காவைப் பார்க்க வந்தான். பூண்டைக் காயவைத்துப் பொடியாக அரைக்கிற ஒரு மில்லுக்குச் சரக்கு பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். பூண்டறையை எட்டிப் பார்த்தவனுக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது.

"மாமா, தலையில கை வைக்காதீங்க. சொத்தையை வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தைக் கொடுங்க. நான் வண்டி எடுத்துட்டு வரேன்."

"மில்லுல வாங்குவாங்களா?"

"காயவச்சு அரைச்சா எல்லாம் ஒரே நிறம்தானே மாமா. அக்கா வைத்தியம் வேற நடக்குது. யோசிக்காதீங்க."

அவன் கெட்டவன் இல்லை. அக்காவுக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்று தவித்தவன்தான். இவரும் தலையாட்டிவிட்டார். அடுத்த நாள் ஒரு பல்லைக் கத்தியால் வெட்டி, பழுப்பை எறிந்துவிட்டு, வெள்ளைப் பாதியைக் கூடையில் போடப் போனபோது நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. முழுசையும் தூக்கிப் போடுங்க. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பாதியையும், பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத சில முழுப் பூண்டுகளையும் பையில் கட்டி, டவுனில் இருந்த பயிர்ப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனார்.

அங்கே இருந்த அதிகாரியம்மா அவசரப்படாமல் வேலை செய்கிறவர். சிலவற்றை உடனே வெட்டிப் பார்த்தார், மிச்சத்தை ஆய்வுக்கு வாங்கி வைத்துக்கொண்டார், பிறகு வந்து முடிவை வாங்கிக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது கேட்டார்.

"பூண்டு வைக்கிற இடத்துல காத்தோட்டம் இல்லையாங்க?"

"இருந்துச்சு. நான்தான் அடைச்சேன்."

"ஏன்?"

"வீட்டுல உடம்பு சரியில்லை. வாசனை ஒத்துக்கலை."

அதிகாரியம்மாவே ஜன்னலோரத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, "உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

கடைசித் தடவை மருந்தும் ஏறி முடிந்தது. அவள் உடம்பு மெல்லத் தேறியது. எழுந்து நடந்தாள், பின்பக்கம் போய் வெயில் காய்ந்தாள். முடிவு வாங்க அவர் டவுனுக்குப் போனது அப்படி ஒரு நாளில்தான்.

அதிகாரியம்மா நிதானமாக விளக்கினார். இது வயலிலிருந்தே விதைப்பூண்டோடு வருகிற பூஞ்சை. பூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு விஷத்தைச் சுரக்கும். பார்க்க நன்றாக இருந்த பூண்டிலும் அந்த விஷம் இருக்கிறது. வெட்டி எறிந்தால் போகாது, காயவைத்தாலும் போகாது, அரைத்தாலும் போகாது. மாட்டுக்கும் போடக் கூடாது, விதைக்கும் எடுக்கக் கூடாது. வயலுக்கு எட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

"எல்லாம் நான் அடைச்சதாலதானே?" என்றார் ஜன்னல்காரர்.

"பொய் சொல்ல மாட்டேங்க. திறந்தே வச்சிருந்தாலும் கொஞ்சம் போயிருக்கும். இவ்வளவு போயிருக்காது." முடிவுத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"நேத்து அவளே எழுந்து பின்பக்கம் வரைக்கும் நடந்தா."

"அப்ப சரி" என்றார் அதிகாரியம்மா.

அவர் வீடு திரும்பியபோது பூண்டறை விரியத் திறந்துகிடந்தது. வாசலுக்கு எட்டத்தில், வெயிலில், கவிழ்த்த பெட்டி மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் தொப்பி. முகத்தில் துண்டு சுற்றியிருந்தது. காலடியில் ஜன்னலிலிருந்து பிடுங்கிய ஒரு சாக்கு.

"உள்ள போனியா? தூளு மூக்குல ஏறிச்சா?"

"துண்டை மூணு சுத்து சுத்தியிருக்கேன். உங்க கவலையை விடுங்க." அவள் குரல் சரியாக இல்லை. "வாசமே வரலையேன்னுதான் எழுந்து வந்தேன். நல்லாத்தான் இருக்குன்னீங்களே."

அவர் கையிலிருந்த முடிவுத் தாளைச் சட்டைப்பையில் செருகினார்.

"எதிர்ல யாரு வந்தாலும் காத்து காத்துன்னு உயிரை எடுப்பீங்களே. கை எப்படிங்க வந்துச்சு இதைச் செருக?"

"நீ துண்டைக் கட்டிக்கிட்டுத் தூங்கினே."

"தூங்கினா?"

"பார்க்க முடியலை."

அவள் துண்டை அவிழ்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கோபமும் நிஜமான கோபம்தான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பி வீட்டுக்குப் போயிருப்பேன்."

"நீதான் உன் கட்டில்னு சொன்னியே."

"கட்டிலுக்கு என்னங்க, அது நகராதா? தூக்கிட்டுப் போயிருக்கலாமே."

இது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கு முதலில் உதடு துடித்தது, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டடி தள்ளி நிற்கச் சொல்ல அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

பூண்டைப் பிரித்து முடிக்கட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்த மச்சினன் மறுநாள் காலையில் லாரியோடு வந்தான். ஜன்னல்காரர் அவனிடம் டவுனில் சொன்னதையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொல்லி, "கொடுக்கறதா இல்லை தம்பி" என்று முடித்தார்.

"மாமா, ஆயிரம் மூட்டைக்கு நடுவுல இது எந்த மூலை? யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன்டா, ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்தாளே, நீ ஆரஞ்சுகூட உரிச்சுக் கொடுத்தியே. அவளும் வீட்டுக்குப் போய் ஏதோ ஒரு பொடியைப் போட்டுத்தானே சாப்பிடுவா."

அவன் லாரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தான். பிறகு, "சரி, வண்டி வெறும்னே திரும்ப வேண்டாம். எங்க புதைக்கணும்னு சொல்லுங்க மாமா" என்று சட்டைக் கையை மடித்தான். முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் மாய்ந்து மாய்ந்து ஏற்றினார்கள். அவள் கட்டிய கட்டுகள் கடைசி வரை அவிழவில்லை. அப்படியே குழிக்குள் போயின. அவர் அதைப் பார்க்காமல் மண்ணைத் தள்ளினார்.

பூண்டறையைக் கழுவி வெள்ளையடித்தார்கள். பழைய வயலில் சில வருஷங்களுக்குப் பூண்டோ வெங்காயமோ வைக்கக் கூடாது என்பதால் அதில் பீன்ஸ் போட்டார். பீன்ஸ் அவருக்குப் பிடிபடவில்லை. கொடிக்குக் கொம்பு நடுவதற்குப் பதில் கொம்புக்குக் கொடி நட்ட மாதிரி இருக்கிறது என்று அவள் கேலி செய்தாள். அந்த வருஷம் முழுவதும் மச்சினன்தான் கைகொடுத்தான். அவன் வாங்கி வந்த அரிசியை இவர் தலை குனிந்துதான் வாங்கிக்கொண்டார், ஆனால் வாங்கிக்கொண்டார். அவள் தலையில் முடி திரும்ப வந்தது. முன்பு நேராக இருந்தது இப்போது சுருள் சுருளாக வந்தது. "யார் வீட்டுத் தலைங்க இது?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

ஒரு நாள் பூண்டு போட்ட சூப் வேண்டும் என்றாள். அவர் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கடைக்குப் போய்ப் பூண்டு வாங்கினார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்ததில் பொறுமையிழந்த கடைக்காரர், "பூண்டை முன்ன பின்ன பார்த்ததில்லையா சார்?" என்று கேட்டார். இவர் "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். பரிசோதித்த விதைப்பூண்டு வாங்கி நட்டார். அது இரண்டு இலை விட்டு நின்ற சமயத்தில் அவள் தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த வருஷத்துப் பரிசோதனைகளை எல்லாம் முடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போகாமல் நேராக வயலுக்கு வந்துவிட்டாள். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, அவருக்குப் பக்கத்து வரிசையில் குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தாள். அவர் கை மெதுவானது.

"இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்னுட்டார் டாக்டர்" என்றாள், களையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்" என்றார்.

எழுந்து போய்க் கால்வாயில் இறங்கி முகம் கழுவினார். கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு நேரமா என்னங்க பண்றீங்க?"

"கண்ணுல மண்ணு."

"மண்ணு போனதும் வாங்க. இந்த வரிசை என்னுது, அந்த வரிசை உங்களுது. வெயில் ஏறுது."

அவர் ஈர முகத்தோடு வந்து தன் வரிசையில் உட்கார்ந்தார்.